கோபக்காரர்களின் மெத்தை

மழலையர் பள்ளிக்கு வருவதற்கு முன் மிஸ்ஸுக்கு வேறு வேலை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினொரு வருடம். கை நுழையும் ஓட்டை வழியாகப் பார்த்தே யார் கத்தப் போகிறார், யார் அழப் போகிறார் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் அந்த ஜன்னலை மூடிவிட்டு இயந்திரம் வைத்தார்கள். இவர் பயிற்சி எடுத்துக்கொண்டு நான்கு வயதுக் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தார். "அங்க வரிசையாவது இருந்துச்சு" என்பார்.

இந்த வருடம் அவருக்கு வாய்த்தவள் பல்லழகி. பெயர் வைத்தது பள்ளி ஆயா. அவளுக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, பல்தான் வரும். ஒரே மாதத்தில் ஐந்து கைகள், ஒரு காது. மூன்று வீடுகளிலிருந்து புகார். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு கடி. அதோட வேற பள்ளிக்கூடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்."

மிஸ்ஸுக்கு மனம் கேட்கவில்லை. வாயில் சொல் வந்துவிட்டால் பல் ஓய்ந்துவிடும் என்று நம்பினார். சுவரில் நான்கு முகங்களை வரைந்து ஒட்டினார்: சந்தோஷம், சோகம், பயம், கோபம். கோபம் வந்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூலையில் போய் உட்காரலாம். உட்காருவதற்குத் தன் வீட்டிலிருந்து பஞ்சு மெத்தை ஒன்றையும், கட்டிக்கொள்ளத் துணி யானை ஒன்றையும் கொண்டுவந்து போட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வகுப்பு முழுக்கக் கோபம்.

"மிஸ், எனக்குக் கோவம்!" என்றான் ஒருவன், வாயெல்லாம் சிரிப்பாக.

"எதுக்குடா?"

"தெரியல மிஸ். யானைய நான் வச்சுக்கட்டுமா?"

"எனக்கு அவனவிட ஜாஸ்தி கோவம் மிஸ்!" என்று முண்டினாள் இன்னொருத்தி.

மெத்தையில் ஏழு பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். "என்ன மிஸ், ஒருத்தியோட கோவத்தக் குறைக்கிறேன்னீங்க. வகுப்புக்கே பரப்பிட்டீங்க போல!"

மிஸ் பதில் சொல்வதற்குள் மறுகோடியில் கட்டைகள் சரிந்தன. பல்லழகி அரைமணி நேரமாக அடுக்கிய கோபுரம். ஓடிய யாரோ இடறிவிட்டார்கள். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, அவள் நேரே மெத்தைக்கு நடந்தாள். உச்சியில் கிடந்தவனின் கை அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில். வாய் திறந்தது. மிஸ் பாய்ந்தார். குறுக்கே ஒரு குட்டி நாற்காலி தடுக்கியது.

"எனக்குக் கோவம்!" என்று கூரை அதிரக் கத்தினாள் பல்லழகி. "நிஜக் கோவம்! நீங்கல்லாம் பொய்க் கோவம். எந்திரிங்க!"

ஏழு பேரும் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். "நிஜம்தான்டா, மூக்கப் பாரு" என்றான் ஒருவன், கைதேர்ந்த வைத்தியரைப் போல. ஒவ்வொருவராக இறங்கினார்கள். யானையை வைத்திருந்த சிறுமி கேட்காமலே அதை அவளிடம் நீட்டினாள்.

தலைமையாசிரியை குனிந்து மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "இவ இங்கயே இருக்கட்டும். ஆனா அந்த மெத்தைய மாத்துங்க, எனக்கே படுக்கணும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் வாசலில் பல்லழகியின் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னைக்கு யார மிஸ்?"

"யாரையும் இல்லம்மா. கோவம் வந்துச்சு, வாயால சொல்லிட்டா."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப நான் யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

"இன்னைக்கு உங்களுக்கு லீவும்மா" என்றார் மிஸ். "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."