ஒரு பீடி நேரம்

ராயபுரம் சரக்குக் கொட்டகையில் மிளகாயை அள்ளிப் பார்த்த கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். "கண்ணு போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் துறைமுகத்துக் கப்பல்களே திரும்பிப் பார்த்திருக்கும்.

மூட்டை தூக்கும் பெரியவர் வந்தார். புருவத்திலும் மிளகாய்த் தூள் படிந்த மனிதர். எதையும் முகர்ந்த பிறகே பேசுவார். என் கையைப் பிடித்து, தும்மாமல் முகர்ந்தார்.

"குண்டூர் மிளகா, நைனா. கத்திட்டு ஓடிப்பூடும். ஒரு பீடி நேரம்தான். ராம்நாடு மிளகான்னா, சாயங்காலம் வரிக்கும் குந்திகினு இருக்கும்."

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம், ஐயா!"

"பொண்ணு இன்னா ஓடியா பூடும்? குந்து."

வாசலில் என்னை உட்கார வைத்துப் பீடியைப் பற்றவைத்தார். கண்ணீருக்குள் கப்பல்களோடு அவரும் சிவப்பாக மிதந்தார். பீடி அணைந்தபோது எரிச்சலும் அடங்கியிருந்தது.

குண்டூர் மிளகாய் அவர் சொன்ன நேரத்துக்குப் போனதா, அது போகும்வரை அவர்தான் பீடியை மெல்ல இழுத்தாரா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.