அடுப்படிச் செங்கல்

பதினோரு வசந்தங்களாக அந்த மாளிகையின் பின்கட்டுச் சமையலறை வெர்டெல் கெதர்ஸுடையது. அமெரிக்காவின் தெற்கே, சார்ல்ஸ்டன் நகரில், வசந்தந்தோறும் பழைய வீடுகளைப் பார்வைக்குத் திறந்துவிடும் நாட்களில் அறைக்கு ஒருவர் நின்று கதை சொல்வது வழக்கம். பள்ளிக்கூடச் சமையலில் முப்பது வருடம் கழித்தவள் வெர்டெல். அந்த அடுப்பில் அடிமைகளாக வெந்த பெண்களைப் பற்றி அவள் பேசுவாள். சம்பளம் கிடையாது. கேட்பவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதே அவளுக்குப் போதும்.

இந்த வருடம் சமையலறை கமீலுக்குப் போயிற்று. வடக்கே ஒஹையோ மாநிலத்திலிருந்து குடிவந்து இரண்டு வருடம் ஆகாதவள், வரலாறு படித்தவள். வெர்டெலுக்கு மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்து ஏறும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"இந்த வளைஞ்ச படிதான் வீட்டுக்கே அழகு, மிஸ் வெர்டெல்" என்றாள் பொறுப்பாளர் அம்மாள்.

"அப்ப நீங்களே நின்னு அழகு பாருங்களேன்."

படிக்கட்டு ஜன்னலிலிருந்து பின்முற்றம் நன்றாகத் தெரிந்தது. அதுதான் வினை. சமையலறையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெங்காயம் உரிச்சிருப்பா" என்று வெர்டெல் முணுமுணுத்தாள். படிக்குப் பக்கத்துச் சாப்பாட்டறையில் கதை சொல்ல நிற்கும் லூசீல் சிரித்தாள்.

"உனக்கு வயிறு எரியுதுடி."

"எரியல. காலையில தின்ன இறால் கஞ்சி சரியில்ல."

ஆனாலும் வெர்டெலிடம் ஒன்று பத்திரமாக இருந்தது. அடுப்புக்கு இடப்புறம், தரையிலிருந்து மூன்றாம் வரிசைச் செங்கல்லில் மூன்று சின்ன விரல்கள் பதிந்திருந்தன. சூளையில் சுடுமுன் ஈரக் கல்லைக் காயத் திருப்பிப்போட்ட ஏதோ அடிமைக் குழந்தையின் விரல்கள். எந்தக் குறிப்பிலும் அது இல்லை. கூட்டம் போன பிறகும் தயங்கி நிற்பவர்களுக்கு மட்டும் அவள் காட்டுவாள். கமீலிடம் அதைச் சொல்லவில்லை. பொறாமைக்குத் தன்னிடம் இருப்பது போதாது. அடுத்தவரிடம் அது இல்லாமலும் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் கமீல் முற்றத்தைத் தாண்டி ஓடிவந்தாள். பின்னால் கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர், அவருடைய மகள்.

"மிஸ் வெர்டெல், விரல் பதிஞ்ச கல்லு ஒண்ணு இருக்காமே? இவர் கேக்கறார். எனக்குத் தெரியலையே."

"அப்படி எதுவும் இல்லம்மா. ஆயிரம் வீட்டுல ஆயிரம் கதை."

முதியவர் அவளை உற்றுப் பார்த்தார். "போன வருஷம் நீங்கதானேம்மா என் கையப் பிடிச்சு அதுமேல வெச்சீங்க? எம்மகளுக்குக் காட்டணும்னு அகஸ்டாவிலேருந்து கூட்டியாந்தேன். இப்ப என்னால குனிஞ்சு தேட முடியல."

லூசீல் சாப்பாட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள். வெர்டெலுக்குக் காது சூடானது.

"ஓ, அதுவா" என்றாள். வேறு என்ன சொல்வது?

நால்வரும் சமையலறைக்குப் போனார்கள். வெர்டெல் குனிந்து காட்டினாள். மகள் மண்டியிட்டுத் தொட்டாள். பிறகு கமீலும் மண்டியிட்டாள். அவளுடைய மெல்லிய விரல்கள் அந்தக் குழிகளில் பாதிக்குமேல் இறங்கின. பதினோரு வருடத்தில் வெர்டெலின் தடித்த விரல்களுக்கு அது கிட்டியதில்லை. அதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கமீல் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீ கேக்கல."

"தெரியாதத எப்படிக் கேக்கறது, மிஸ் வெர்டெல்?"

வெர்டெல் படிக்குத் திரும்பினாள். அடுத்த கூட்டம் பின்கட்டுக்குப் போயிற்று. ஜன்னல் திறந்திருந்தது. கமீலின் குரல் தெளிவாகக் கேட்டது. "இந்தக் கல்ல எனக்குக் காட்டினது மிஸ் வெர்டெல் கெதர்ஸ். இந்த வீட்டை அவங்க அளவுக்கு அறிஞ்சவங்க யாருமில்ல."

"கேட்டியா? உன்னைப் புகழறா!" என்றாள் லூசீல்.

வெர்டெல் கேட்டாள். அந்தப் பெண் பொய்யாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மனதாரத்தான் சொன்னாள். நாளையும் சொல்வாள், அடுத்த வருடமும் சொல்வாள், கேட்பவர்கள் அவள் எதிரில், அந்தக் கல்லருகேதான் கண்ணைத் துடைப்பார்கள்.

வெர்டெல் எட்டி ஜன்னலைச் சாத்தினாள்.