வர்தியா அக்காவின் வண்டிச் சத்தம்

கபிலியா மலையில் எங்கள் ஏழு ஊர்களுக்கும் வர்தியா அக்காதான் மருத்துவச்சி. கீழே சாலையோரச் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். அவருடைய வெள்ளை ரெனோ கார் எந்த மேட்டையும் சளைக்காமல் ஏறும். ஆனால் புகைக்குழாய் மூட்டில் கசிவை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் தீய்ந்துபோயிருந்தது. மூன்று வளைவு கீழே வரும்போதே சத்தம் மேலே கேட்டுவிடும். பெண்கள் வாசலுக்கு வருவார்கள். வண்டி எந்தச் சந்தில் நுழைகிறதோ, அந்த வீட்டில் விசேஷம்.

நான் மெஸியான், அதே சாலையில் பட்டறை வைத்திருப்பவன். "மாத்திடலாம்க்கா" என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். "ஓடுதில்ல, விடு. ஆடுங்க தானா ஒதுங்குது" என்பார்.

நவம்பரில் ஒரு காலை, நான் கதவைத் திறக்கும் முன்பே வந்து நின்றார்.

"இன்னைக்கே மாத்து."

"என்னக்கா திடீர்னு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களா?"

"வாயை மூடிட்டு பானட்டைத் திற."

காரணம் எனக்கு அப்போது தெரியாது. தஸ்ஸதீத் பிறகு என் மனைவியிடம் சொன்னாள். தஸ்ஸதீத் மேல் ஊர்க்காரி. மூன்று கரு கலைந்தவள். அது நான்காவது, மூன்றாம் மாதம். "நீ படுத்தே இரு, வாரம் ஒரு தடவை நான் வந்து பிரஷர் பாக்கறேன்" என்று அக்கா சொன்னதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"வராதீங்கக்கா. உங்க வண்டி வந்தா ஊருக்கே தெரிஞ்சுடும். போன தடவை முட்டையும் ரவையுமா கொண்டாந்து குவிச்சாங்க. கலைஞ்சு பதினோராம் நாள், அந்தப் பாத்திரத்தையெல்லாம் வாசல் வாசலா நான்தான் திருப்பிக் குடுத்தேன்."

தனக்கு முன்னால் போய்த் தன் வண்டிச் சத்தம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அக்கா அதுவரை நினைத்ததே இல்லை.

அன்று துருவேறிய நட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தேன். அப்படியும் நட்டு மாட்டும் ஒரு ஸ்டட் முறிந்தது. அதைத் துளைபோட்டு எடுப்பதற்குள் மதியமாகிவிட்டது. பழைய கேஸ்கெட் அடிப்பிடித்த சோறுபோல ஒட்டியிருந்தது.

"அடியில அலுமினியம்க்கா. கீறல் விழுந்தா மறுபடி கசியும்."

"தள்ளு" என்று பிளேடை வாங்கி அவரே சுரண்டினார். ஒரு மணி நேரம் நிமிரவில்லை. புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அக்கா சாவியைத் திருப்பினார். உடனே இன்னொரு முறை திருப்பினார். ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது.

"ஐயோ அக்கா, ஓடிட்டுதான் இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேல் ஊர் போகும் வழியில் ஆட்டு மந்தை நகரவே இல்லையாம். ஹாரன் அடிக்காமல், இறங்கிக் கையால் விரட்டியிருக்கிறார். ஊரே ஆலிவ் பறிக்கப் போயிருந்தது. வண்டியை ஆளில்லாத ஒரு தோப்பின் கீழே விட்டுவிட்டுப் பையோடு நடந்தார். கதவைத் திறந்த தஸ்ஸதீத், "நடந்தா வந்தீங்க?" என்று திகைத்தாள். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போய்வந்தார்.

மார்ச்சில், ஏழாம் மாதம், தஸ்ஸதீத் தானே பட்டப்பகலில் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். என் மனைவியும் அங்கே இருந்தாள். முன்னால் நின்றவள் தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

மே மாதம் நகரத்து மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோ. வர்தியா அக்கா அன்று வேறோர் ஊரில் வேறொரு பிரசவத்தில் இருந்தார். சேதியை மாலையில்தான் கேட்டார்.