கபோவில் எரிந்த வள்ளம்

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்த அந்தக் குளிர்காலம் முழுவதும் படி இறங்கவேயில்லை. பகலெல்லாம் பல்கனியின் மரக்கதவை விரலளவு திறந்துவைத்து, சிசிலியின் பலேர்மோ நகரத்துக் கபோச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பெர்மேசோ என்னும் வதிவிட அனுமதி இல்லாதவர் பொலிஸுக்குப் பயப்படாமல் தெருவில் நடமாட முடியாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத சங்கதி. எனக்கு எட்டு வயது.

பங்குனியில் சூசையப்பர் திருநாளுக்கு முந்திய மாலை, பலேர்மோவின் சந்துகளில் பிள்ளைகள் பழைய மரச்சாமான்களைக் குவித்து எரிப்பார்கள். நாங்கள் குவித்த கதவுகளும் கதிரைகளும் தினமும் சரிந்து விழுந்தன. ஒருநாள் நான் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, மாமா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, வேண்டாம்" என்றாள் அம்மா.

"சந்துக்குள்ளதானே அக்கா. வாறன்."

மன்னார்க் கடலில் பழகிய கை. மூன்றே நாளில் கதவுகள் பக்கப் பலகைகளாயின. அலுமாரியொன்று நிமிர்ந்து முனையாயிற்று. எங்கள் பல்கனி உயரத்துக்கு ஒரு வள்ளம் எழுந்தது. நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைக்கும் எதிர்வீட்டு இத்தாலியப் பெண் தன் கலியாணப் படுக்கை விரிப்பைப் பாயாகத் தந்தாள். காற்றில் அது விம்மியபோது, சந்து முழுவதும் வீடுகளோடும் கொடியில் தொங்கும் துணிகளோடும் மெல்லக் கடலை நோக்கி நகர்வதாக எனக்குத் தோன்றியது.

எரிக்கும் நாளன்று மத்தியானம் பொலிஸ் வந்தது. இத்தகைய குவியல்களை ஆபத்தென்று அகற்றுவது வழக்கம். வள்ளத்துக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாமா அப்படியே அடியில் படுத்துவிட்டார்.

"யார் கட்டியது?" என்றார் பொலிஸ்காரர்.

"சூசையப்பர்தான்" என்றாள் சிஞ்ஞோரா, பல்கனியிலிருந்து. "அவர் தச்சர் அல்லவா?"

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இரவு வண்டியோடு வந்து அகற்றுவதாகச் சொல்லிப் போனார். நான் ஏறிப் பார்த்தேன். மாமா முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தார்.

"மாமா, அவங்கள் போயிட்டாங்கள்."

"என்னைக் கேட்டவங்களோ?"

"இல்லை, மரத்தைத்தான்."

வண்டி வருமுன் எரித்துவிட வேண்டுமென்று, வெயில் மங்கியதுமே சந்துக்காரர்கள் தீப்பந்தத்தோடு கூடினார்கள். வள்ளம் கட்டியவரென்று தோளில் தூக்கிச் சுற்ற மாமாவைத் தேடினார்கள். அவரோ மறுபடியும் மரக்கதவுக்குப் பின்னால் நின்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. கூப்பிடப் போனேன்.

"ஓடிப்போய் வள்ளத்துக்குள்ள பார். ஆரும் படுத்துக் கிடக்கினமோ எண்டு."

பார்த்துவிட்டு வந்தேன். "ஒருத்தரும் இல்லை."

"அடித்தட்டையும் பாத்தனியோ?"

"ஓம்."

"இன்னொருக்காப் பார், பிள்ளை."

மூன்று தடவை ஓடினேன். பூனைகளுக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்து, கடைசியில் "பூனையும் இல்லை" என்றேன். தலையசைத்தார்.

பாய்தான் முதலில் பற்றியது. ஒரு கணம் பொன்னாக நின்று, பிறகு கரைந்தது. சந்தே கைதட்டியது. நான் மேலே பார்த்தேன். மாமா ஒவ்வொரு விரலாக மடக்கிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ செபம் என்று நினைத்தேன்.

அவர் சிசிலிக்கு வந்ததும் ஒரு படகின் அடித்தட்டில் கிடந்துதான் என்பதையோ, கூடக் கிடந்தவர்கள் எல்லோரும் கரை ஏறவில்லை என்பதையோ அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.