இஸ், ஆர், ஒரு சிவப்புக் கோடு

எங்க ஹெட்கிளார்க்குக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இங்கிலீஷ் வெர்புதான் ஜென்மப் பகை. முப்பதுகள்ல தென்காசிப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸ், பேரு வேண்டாம், அங்க நான் காப்பியிஸ்ட். அவரு எழுதுத டிராஃப்டைப் பார்த்து நல்ல காகிதத்துல படியெடுக்கணும். வேலை டெம்பரவரி. பெர்மனன்ட் ஆனாத்தான் பொண்ணு தருவேன்னு வாசுதேவநல்லூர்ல ஒரு மாமனார் வீம்பா உக்காந்திருந்தாரு.

ஒருநாள் டிராஃப்ட்ல 'ரையட்ஸ் இஸ் ஹேப்பி'ன்னு இருந்தது. குளத்து மடையைச் சரியாக்கினதுல கீழப்பாவூர்க் குடியானவங்களுக்குச் சந்தோஷமாம். ஒருத்தருன்னா இஸ், பலபேருன்னா ஆர். நான் மாத்தி எழுதிக் கொண்டுபோனேன்.

"ஏலே, யாரைக் கேட்டு மாத்துன?"

"ரையட்ஸ் பலபேருல்லா சார்..."

"சர்க்காருக்கு எல்லாக் குடியானவனும் ஒண்ணுதாம்லே! ஈயடிச்சான் காப்பின்னா ஈயையும் அடிச்சு ஒட்டணும். போ!"

ஒட்டினேன். அப்புறம் கம்பேர். நான் காப்பியை வாசிப்பேன், அவரு டிராஃப்டைப் பார்த்து, சரிபார்த்ததுக்கு அடையாளமா அந்த டிராஃப்டுலயே வரிக்கு வரி சிவப்பு மெழுகுப் பென்சிலால கோடு இழுப்பாரு. 'இஸ்' மேலயும் ராஜா மாதிரி ஒரு கோடு இழுத்தாரு.

அப்போ குற்றாலத்துல சாரல். எங்க வெள்ளைக்காரப் பெரிய துரை அங்க பங்களாவுல கேம்ப்; காப்பி அவருக்குப் போச்சு. நாலாம் நாள் அங்கயிருந்து ஆள் வந்தான்: 'ரையட்ஸ் இஸ்'னு எழுதினவங்க ரெண்டுபேரும் டிராஃப்டோட வரணும்.

வில்வண்டியில போகையில ஹெட்கிளார்க் என் தோள்ல கைபோட்டாரு. அவரு தோள்ல கைபோட்டாலே ஏதோ வில்லங்கம்னு அர்த்தம்.

"காப்பியில தப்பு விழுந்துட்டுன்னு சொல்லிரு. சின்னப் பையன்னு விட்டுருவாரு."

துரை டிராஃப்டை வாங்கினாரு. எட்டிப் பார்த்தேன். அடப்பாவி! 'இஸ்'ஸை அடிச்சு மேல 'ஆர்'னு எழுதியிருந்தது. இப்போ தப்பு என் காப்பியில மட்டும்தான். வேலை போச்சு, வாசுதேவநல்லூரும் போச்சு.

துரை என்னைப் பார்த்து முறைச்சாரு. அப்பத்தான் அந்த 'ஆர்' நின்ன விதம் கண்ணுல பட்டுது. மெழுகுக் கோட்டு மேல மசி பிடிக்காம திட்டுத் திட்டா நின்னுது. கம்பேருக்கு முந்தியே மசியில எழுதியிருந்தா அதுக்கு மேலல்லா கோடு கிடக்கணும்? சொல்லணும், இங்கிலீஷ்ல சொல்லணும். பயத்துல எனக்கும் வெர்பு கவுந்துட்டு.

"ஸார், தி ரெட் லைன் ஆர் அண்டர் தி இங்க்!"

துரை காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாரு. நகத்தால சுரண்டினாரு. மசி செதிலாக் கழண்டுது. ஹெட்கிளார்க் மூஞ்சி அருவியில அகப்பட்ட கோழி மாதிரி ஆயிட்டு. துரை விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே டிராஃப்ட் எல்லாம் முதல்ல இந்தப் பையன் பார்க்கணும்னு உத்தரவு போட்டாரு.

திரும்பி வரும்போது பாதி வழியில ஹெட்கிளார்க் வண்டிக்காரனுக்குக் கேக்காம என் பக்கம் சாய்ஞ்சாரு. அப்புறம் மெதுவா, "நீ பென்சில்ல திருத்து, நான் மசியில எழுதிக்கிடுதேன். வெளிய சொல்லாத, என்ன?"

"என் பெர்மனன்ட் பேப்பரு சார்?"

"நாளைக்கே அனுப்புதேன்."

"அந்த டிராஃப்ட்டை நான் எழுதிக்கிடுதேன் சார்."

மறு ஆவணியில கல்யாணம். ஹெட்கிளார்க்தான் பந்தியில முதல் ஆள். அவரு ரிட்டயர் ஆகும்போது அவரோட இங்கிலீஷைப் புகழ்ந்து மூணுபேரு பேசினாங்க. முதல்ல கைதட்டினது நான்தான்.

வேலைக்குப் புதுசா வார பிள்ளைகளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். கிராமர் படிங்க, நல்லது. ஆனா மேலதிகாரி தோள்ல கைபோட்டா, முதல்ல டிராஃப்டை வாங்கிப் பாருங்க.