தோசைக்கல்லோடு ஓர் ஒத்திகை

அடுத்த வாரம் இமயமலையில் தனியாக நடக்கப் போகிறேன். முதல் தடவை. கூடாரம், அடுப்பு எல்லாம் என் முதுகில்தான். சில நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பாரம் பழகட்டும் என்று இன்று காலை பையில் அரிசி, தண்ணீர் பாட்டில்கள், அம்மாவின் இரும்புத் தோசைக்கல் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் அடுத்த வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்.

"எங்கேடி இத்தனை பெரிய மூட்டையோட? அம்மாவோட சண்டையாக்கும்?"

"இல்லை மாமி. சும்மா நடக்கறேன்."

"பஸ் ஸ்டாண்டுல வந்து சும்மாவா?"

நான் வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் அம்மாவின் ஃபோன்.

"கோவிச்சுண்டு போறயாமே? போறதுன்னா போ. தோசைக்கல்லை வச்சுட்டுப் போ, மாவு பொங்கி நிக்கறது."

மலைக்கான பழக்கம்தான் என்று விளக்கினேன்.

"அத்தனை பாரத்தையும் நீ ஒருத்தியா சுமக்கணும்? உன்கூட வரப்போற அந்த நாலு பேரும் என்ன பண்றா? நாளைக்குக் காத்தால தோசை சாப்பிட அவாளை வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்."

அந்த நாலு பேர், அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் கற்பனையில் பெற்றெடுத்தவர்கள்.

ஆகவே, நாளை காலை ஸ்ரீவராகத்தில் தோசை சாப்பிட நாலு பேர் தேவை. மலை ஏறத் தெரிய வேண்டாம். அம்மா கேட்கும்போது முகம் மாறாமல் "ஆமாம் மாமி, சேர்ந்துதான் போறோம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.