நீதான் ஓட்டிண்டு வந்தே

காரை ஓட்டியது பூமாதான் என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் சுதர்சனம் சொன்னார். நாத்தனார் பத்மஜா சொன்னாள். போலீசிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பூமாவுக்கு மட்டும் ஒன்றும் நினைவில்லை. ராமநாதபுரத்துக் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தது தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில், வேம்பார் பக்கம், அவளும் சுதர்சனமும் திரும்பி வந்த கார் ஒரு சைக்கிளை இடித்துப் பனைமரத்தில் மோதியதாம். சைக்கிளில் வந்தவர் உப்பளத் தொழிலாளி மாடக்கண்ணு. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவளுக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டியது.

சாகுபுரத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்போது 'கரண்டி' என்ற சொல் நாக்கில் வர மறுத்தது. மிக்ஸி சத்தம் தலையைப் பிளந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். ஒரு மனிதர் காலை ஒடித்துவிட்டோமே என்று அடிக்கடி அழுதாள்.

எப்படி நடந்தது என்று கேட்டால், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சுதர்சனத்திடமிருந்து பதில் வரும். "நாய் குறுக்கே வந்தது. நீ சட்டுனு திருப்பிட்டே."

இன்னொரு நாள் கேட்டாள். ஆடு வந்ததாம்.

"அன்னிக்கு நாய்ன்னேளே?"

"ஆடுன்னுதான் சொன்னேன். உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?"

அவர் மாற்றிச் சொல்கிறாரா, தன் மூளைதான் ஆட்டை நாயாக்குகிறதா? காரைப் பார்க்க வேண்டும் என்றாள். விற்றாயிற்று என்றார். மாடக்கண்ணுவைப் பார்க்க வேண்டும் என்றாள். "அங்கெல்லாம் போனா உனக்கு ஃபிட்ஸ் வந்துடும்" என்றாள் பத்மஜா. அண்ணனும் தங்கையும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் தலை தெரிந்ததும் பேச்சு மழைக்குத் தாவும். மழையே இல்லாத மாசத்தில்.

ஸ்கேன் எடுக்க ஒருநாள் சக ஆசிரியை ஜாய் தன் காரில் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனாள். ஸ்டியரிங் முன்னால் இருந்த ஜாய்க்கு பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கியது. பக்கத்து சீட்டில் பூமாவுக்கு இடது தோளிலிருந்து. பூமாவின் கை தானாகத் தோளுக்குப் போனது. பெல்ட் அறுத்த காயம் என்று நர்ஸ் சொன்ன கறுத்த தழும்பு அங்கேதான், இடது பக்கம்தான் தொடங்கியது.

"ஜாய், வண்டியை நிறுத்து."

"ஏளா, என்ன செய்யுது? தலை சுத்துதா?"

"இல்லை. இப்பத்தான் நிக்கறது."

அன்று சாயங்காலம், ஓட்டியது நானில்லை என்று பூமா சொன்னதும் சுதர்சனம் முதலில் சிரித்தார். "தலைல அடிபட்டவாளுக்கு இப்படியெல்லாம் சந்தேகம் வரும்னு டாக்டரே சொன்னார்."

பூமா தழும்பைக் காட்டினாள். பத்மஜா அழத் தொடங்கினாள். சுதர்சனத்தின் சிரிப்பு நின்றது.

"கேஸ் வந்தா என் வேலை போயிடுமோன்னு..."

"அதுக்கு என் பேரா?"

"நீ பிழைக்க மாட்டேன்னு டாக்டரெல்லாம் சொல்லிட்டா, பூமா. போறவா மேல கேஸ் நிக்காதேன்னு..."

அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே செத்தவள் என்று முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் ஜாயோடு ஸ்டேஷனுக்குப் போனாள். "உங்களுக்குத்தான் ஞாபகமில்லையே, மேடம்?" என்றார் எஸ்.ஐ. சத்தியராஜ்.

"எனக்கில்லை. இடிபட்டவருக்கு இருக்குமே. கேட்டேளா?"

கேட்கவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மாடக்கண்ணு வீட்டுக்குப் போனது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். "ஐயாதான ஓட்டிட்டு வந்தாவ, போனைக் காதுல வச்சுக்கிட்டு. அம்மா அந்தப் பக்கம்லா சாஞ்சு கெடந்தாவ. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே!"

"குறுக்கே வந்தது நாயா, ஆடா?" என்றாள் பூமா.

"ஒண்ணும் வரலம்மா. ரோடு சும்மாத்தான் கெடந்துச்சு."

வழக்கு சுதர்சனத்தின் பெயருக்கு மாறியது. அவர் வேலை போகவில்லை. பூமா மாடக்கண்ணுவை இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டை விட்டுப் போகவில்லை. புது இடத்துச் சத்தத்தை அவள் தலை தாங்காது. அந்த நாளின் நினைவு இன்றுவரை திரும்பவில்லை. பள்ளியில் காலையில் ஒரு வகுப்பு மட்டும் எடுக்கிறாள். சுதர்சனம் பல தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று. தண்ணீரும் மாத்திரையும் அவரேதான் கொண்டுவந்து தருகிறார். அவள் அட்டையைக் கேட்டு வாங்கி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் விழுங்குகிறாள்.